சத்தம் வராத கியர்

அந்தக் கார் எனக்கு மூத்தது. வயதில் இல்லை, வீட்டுக்கு வந்த முறையில். வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போன காலத்தில், கூடக் கொண்டுபோக வழியில்லாத ஓர் இளம் அதிகாரி விற்றுவிட்டுப் போன ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டே இரண்டு இருக்கை, துணிக் கூரை, கரும்பச்சை நிறம். என் கணவர் முதலில் அதை வாங்கினார், பிறகுதான் என்னைக் கட்டினார். சீனன்குடாவில் எண்ணெய்த் தாங்கிகள் இருக்கும் பகுதியில் அவருக்கு வேலை. அங்கேயே குவாட்டர்ஸ் கிடைத்து நாங்கள் குடிபோனபோது, பக்கத்து வீட்டுக்காரிகள் அந்தக் காரை என் சக்களத்தி என்று பகிடி பண்ணினார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பூசைக்கு மணி அடிக்கிற நேரத்தில் காருக்கு அடியில் மல்லாந்து கிடக்கும் மனிதனைக் கட்டியவளுக்கு அது பகிடி இல்லை.

அதன் கியர்த் தடியில் அவரைத் தவிர வேறு யாரும் கை வைத்ததில்லை. பழங்காலத்துக் கியர்ப் பெட்டி. உள்ளே பற்கள் தாமாக இணங்கிக்கொள்ளாது, ஓட்டுகிறவர்தான் இணக்க வேண்டும். கிளச்சை மிதித்துத் தடியை நடுவுக்குக் கொண்டுவந்து, காலை எடுத்து, மறுபடி மிதித்துத்தான் அடுத்த கியரைப் போட வேண்டும். கியரைக் குறைப்பதென்றால் நடுவில் எஞ்சினை ஒருமுறை உறும வேறு விட வேண்டும். கொஞ்சம் பிசகினால் பல்லோடு பல் உரசி ஊரைக் கூட்டும். இவ்வளவையும் அவர் செய்கிறார் என்பதே எனக்குத் தெரியாது. பக்கத்தில் இருந்து நான் அலட்டிக்கொண்டு வருவேன், கார் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும்.

பிறகு அவருக்கு முதுகு நோகத் தொடங்கியது. ஒத்தடம், எண்ணெய், நேர்த்திக்கடன் எல்லாம் பார்த்து முடிந்து, கடைசியில் கொழும்புப் பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். முள்ளந்தண்டைப் படம் பிடித்துப் பார்த்தவர்கள், இனி நோவுக்கு ஊசி போடுவதுதான், அதை உங்கள் ஊரிலேயே போட்டுக்கொள்ளலாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நாற்பது வயது ஆகாத மனிதன். எங்களுக்குப் பிள்ளையும் இல்லை. திரும்பி வரும் ரயிலில் கந்தளாய் தாண்டும்வரை நான் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே வந்தேன். கடவுளோடு எனக்கிருந்த பேச்சு அன்றோடு நின்றுபோனது.

ஊசி டவுன் ஆஸ்பத்திரியில், கிழமைக்கு இரண்டு தரம். அங்கே போவதுதான் பெரும்பாடு. எங்கள் பகுதி பாஸ் இல்லாத வாகனம் நுழைய முடியாத இடம். வாடகைக் கார் பிரதான கேற்றோடு நின்றுவிடும். குவாட்டர்ஸிலிருந்து கேற் வரைக்கும் நடக்க அவரால் முடியவில்லை. ஒருமுறை நடந்தார். பாதியில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றவரை இரண்டு கூலியாட்கள் தூக்கிப் போனார்கள். ஏறிய பிறகும் வாடகைக் காரின் நிமிர்ந்த ஆசனத்தில் அவரால் இருக்க இயலவில்லை. அவரால் தாங்கக்கூடியது ஒரே ஓர் இருப்புத்தான்: கால்களை நீட்டி, முதுகைச் சரித்து, பாதி படுத்தபடி. அந்த இருப்புக்கு அளவெடுத்துச் செய்ததுபோல இருந்த ஆசனம் சக்களத்தியினுடையது. அவளிடம் பாஸும் இருந்தது.

தாங்கிப் பகுதி லொறிச் சாரதி ஒருவர் ஓட்டிப் பார்க்க வந்தார். நல்ல மனிதர். லொறிக்குப் போடுவதுபோலக் கியரைப் போட்டார். கேற்றை அடைய முன்னரே இவர் நிறுத்தச் சொல்லிவிட்டார். அன்று பின்னேரம் முழுக்கச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவர், இருட்டுப்படும் நேரத்தில் என்னைக் கூப்பிட்டார்.

"நீர் பழகும்," என்றார்.

"எனக்கு ஏலாது."

"தையல் மெசின் மிதிக்கிறீர்தானே. அவ்வளவுதான்."

அவ்வளவுதானாம். தையல் மெசின் என்னைத் தூக்கிக்கொண்டுபோய் மரத்தில் மோதாது. இதை நான் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்த பிறகு சொல்ல வாய் வரவில்லை.

தாங்கிகளைச் சுற்றி வெள்ளைக்காரன் போட்ட றோட்டுகள் இருந்தன. காட்டுக்கு நடுவில் தாங்கிக்குத் தாங்கி வளைந்து வளைந்து போகும், பின்னேரங்களில் குரங்குகளைத் தவிர அங்கே ஒருவரும் இருப்பதில்லை. அதில்தான் நான் பழகினேன். அவர் பக்கத்தில் இருந்து காட்டித் தர வழியில்லை, நான் பழகும் குலுக்கலில் அவர் செத்தே போயிருப்பார். அதனால் அவர் வீட்டு முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் படுத்துக்கொண்டு காதால் பாடம் நடத்தினார். நான் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து வாசலில் நிற்பேன். எந்தத் தாங்கிக்குப் பக்கத்தில் எந்தக் கியரில் என்ன பிழை விட்டேன் என்று அவர் அங்கிருந்தபடியே சொல்லுவார்.

"மூண்டாவது வளைவிலை, கிளச் முழுக்க உள்ளுக்குப் போகமுன்னம் தடியை இழுத்தீர்."

"உங்களுக்கு அது கூடக் கேக்குமோ?"

"எனக்கு இப்ப வேறை என்ன வேலை?"

அந்தத் தாங்கிகளில் பல வெறுமையாகக் கிடந்தவை. நான் கியரைக் கடித்துப் போடும் ஒவ்வொரு தரமும் அந்தச் சத்தம் வெறும் இரும்பில் பட்டு இன்னொரு தரம் கேட்கும். பிழையை ஒருமுறை விடுகிறவளுக்கு இரண்டுமுறை தண்டனை. காவலுக்கு நின்ற கிண்ணியா ஊர்க்காரர் ஒருநாள் சைக்கிளை நிறுத்திவிட்டு, "என்ன தங்கச்சி, ஐயாட காருக்கு வயித்துக் குத்தோ?" என்று கேட்டார். அவரை அந்த இடத்திலேயே ஏற்றிக் கொன்றிருப்பேன், அதற்கும் முதலாம் கியர் விழ வேண்டுமே. அன்று றோட்டோரம் காரை விட்டுவிட்டு இறங்கி, சேலைத் தலைப்பை வாய்க்குள் அடைத்துக்கொண்டு அழுதேன். சத்தமாக அழுதால் அதுவும் விறாந்தைக்குக் கேட்கும் என்று பயம்.

ஊசி இல்லாத நாட்களில் மாத்திரை. மாத்திரை விட்டுப்போகும் நேரத்தில் அவர் பல்லைக் கடிப்பது குசினி அடுப்படி வரைக்கும் கேட்கும். அந்தச் சத்தத்துக்கும் நான் கியரில் எழுப்பிய சத்தத்துக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாமல் போயிற்று. இரண்டையும் நிறுத்தினால் போதும் என்று வெறி பிடித்தவள் மாதிரிப் பழகினேன். சோறு வடிக்கும்போது கால் தானாக மிதிக்கும். நித்திரையில் அகப்பைக்காம்பைத் தேடுவதுபோலக் கை இடப்பக்கம் துழாவும்.

ஒருநாள் சத்தம் நின்றது. முழுச் சுற்றும் ஓட்டினேன், ஒரு பல் கூட உரசவில்லை. தாங்கிகள் வாயை மூடிக்கொண்டிருந்தன. வாசலில் வந்து நின்றபோது அவர் கண்ணை மூடியபடி சிரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்த பிறகு நான் கண்ட முதல் சிரிப்பு அது.

"இனி டவுனுக்குப் போகலாம்," என்றார்.

சிவப்பில் எல் எழுதிய பலகையைக் கட்டிக்கொண்டு நாங்கள் புறப்பட்டோம். இரண்டு பேர் அவரைத் தூக்கி ஆசனத்தில் சரித்து, இடுப்புக்குத் தலையணை வைத்தார்கள். கேற்றைத் தாண்டி ரயில் கடவையில் நின்று, முதலாம் கியரில் எடுத்து, இரண்டாவதைப் போட்டேன். சத்தமே இல்லை. அவர் மெல்லியதாக மூக்கால் ஒரு ராகம் இழுத்தார். கோயிலில் பாடுகிற ராகம்தான், சொல் இல்லை. மூன்றாவதைப் போட்டேன். மறுபடி இழுத்தார். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. பாட்டே வராத மனிதன் நான் ஓட்டுகிற காரில் பாடுகிறான். துறைமுகத்துத் தண்ணீர் ஒரு பக்கம் பளபளத்துக்கொண்டு வந்தது. இந்த மனிதன் பிழைத்துவிடுவானோ என்று கூட ஒரு கணம் நினைத்தேன்.

குடாவை ஒட்டிய நேர் றோட்டில் கியர் மாற்ற வேலை இருக்கவில்லை. ராகமும் இருக்கவில்லை. குறுக்கே மாடு வந்தது. குறைக்க வேண்டும் என்று நினைத்துக் காலைத் தூக்கினேன். நான் கிளச்சை மிதிக்க முன்னரே ராகம் தொடங்கியது.

பிறகு கவனித்தேன். ஒவ்வொரு தரமும் அப்படித்தான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டு, நான் எப்போது மாற்றப்போகிறேன் என்பது எனக்கு முன்னமே அவருக்குத் தெரிந்தது. கிளச்சிலிருந்து நான் காலை எடுக்கும்போது கார் ஒரு வெட்டு வெட்டும், அந்த வெட்டு முதுகில் போய் இறங்கும் நேரத்துக்கு வாயில் ஒரு சத்தம் தயாராக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேறு சத்தம் வந்துவிடும். ஓர்ஸ் ஹில் பக்கத்து ஏற்றத்தில் நான் இரண்டு தரம் மாற்ற வேண்டியிருந்தது. ராகம் நடுவில் உடைந்து, மறுபடி ஒட்டிக்கொண்டது. அவர் கை கதவின் மேல் விளிம்பைப் பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரி முற்றத்தில் காரை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தேன். சட்டை தெப்பமாக நனைந்திருந்தது.

"நோகுது எண்டு ஏன் சொல்லேல்லை?"

"வடிவா ஓட்டினீர். ஒருக்காலும் சத்தம் வரேல்லை."

"நான் சத்தத்தைக் கேக்கேல்லை."

"சத்தமும் நோவும் ஒண்டெண்டு நினைச்சிட்டன்," என்றார். "விறாந்தையிலை எனக்குக் கேட்டது சத்தம் மட்டும்தானே."

அதுதான் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து விட்ட பிழை. பல்லோடு பல் உரசாமல் கியர் போடுவதை அவர் எனக்குச் சொல்லித் தந்தார். அது கேட்கக்கூடியது. கியர் விழுந்த பிறகு காலை எப்படித் தூக்கினால் உள்ளே இருப்பவர் உடம்பு அசையாது என்பது கேட்கக்கூடியது இல்லை. அது அவர் காலுக்குத் தெரிந்திருந்தது, வாய்க்குத் தெரிந்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு ஒவ்வொரு நாளும் கேட்டேன். எவ்வளவு மெதுவாக எடுக்க வேண்டும், எந்த இடத்தில் நிறுத்திப் பிடிக்க வேண்டும், அக்சிலேற்றரில் எவ்வளவு. அவர் கண்ணை மூடி யோசிப்பார். போர்வைக்குள் இடது கால் அசையப் பார்க்கும். "நான் அதைப் பற்றி ஒருநாளும் நினைச்சதில்லை," என்று சொல்லுவார். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். பத்து வருடம் ஒரு காரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்த மனிதனுக்கு இதைச் சொல்லத் தெரியவில்லையா என்று ஒருநாள் வாய்விட்டே கேட்டேன். அவர் மன்னிப்புக் கேட்பதுபோலப் பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் அவர் என்னை அடித்திருக்கலாம்.

அடுத்த தரம் போகும்போது நான் ஒரு முடிவோடு போனேன். இரண்டாவதைப் போட்டேன், அதற்கு மேல் மாற்றவில்லை. டவுன் வரைக்கும் இரண்டாவதிலேயே போகலாம், மெதுவாகப் போனால் என்ன. எஞ்சின் அலறத் தொடங்கியது. சைக்கிளில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் பார்க்கவில்லை, அவர் மூச்சை மட்டும் கேட்டுக்கொண்டு ஓட்டினேன். ராகம் இல்லை. ஆனால் கொஞ்சத் தூரம் போக அவர் முகம் ஒரு மாதிரிச் சுருங்கியது.

"மாத்தும்," என்றார்.

"வேண்டாம்."

"இஞ்ச பாரும், அது கத்துது. எனக்குக் கேட்டுக்கொண்டு இருக்க ஏலாது. மாத்தும்."

"உங்களுக்கு நோகும்."

"நோகட்டும். நான் பாத்துக்கொள்ளுறன்."

மாற்றினேன். அவர் ராகம் இழுத்தார். எஞ்சின் அடங்கியது. அவர் முகத்தில் நோவும் நிம்மதியும் ஒன்றாக வந்ததைப் பார்த்தேன். அந்தக் காரை நான் அதுவரை எவ்வளவோ வெறுத்திருக்கிறேன். அன்று வெறுத்ததுபோல ஒருநாளும் வெறுத்ததில்லை.

அதன் பிறகு ஒவ்வொரு போக்குவரவும் எனக்குப் பரீட்சைதான். வெறுங்காரில் எத்தனை பழகியும் பிரயோசனம் இருக்கவில்லை. பக்கத்து ஆசனத்தில் அரிசிச் சாக்கை வைத்து ஓட்டிப் பார்த்தேன், சாக்கு ஒன்றும் சொல்லாது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தேன். கிளச் எந்த இடத்தில் பிடிக்கத் தொடங்குகிறது என்று பெருவிரலால் தேடினேன். சில நாள் ராகம் சின்னதாக இருக்கும், எனக்கு நம்பிக்கை வரும். அடுத்த நாள் பள்ளம் ஒன்றில் கால் தடுமாறும், எல்லாம் போய்விடும். நான் கொஞ்சம் தேறுவேன், நோவு அதைவிடக் கொஞ்சம் ஏறும். இரண்டு பேரும் ஓடினோம், அது எப்போதும் முன்னுக்கு நின்றது.

மழைக்காலம் தொடங்க இருந்த ஒரு காலையில் அது நடந்தது. தூக்கி ஏற்றியவர்கள் கையசைத்துவிட்டுப் போனார்கள். ரயில் கடவையைத் தாண்டி இரண்டாவதைப் போட்டேன். ராகம் வரவில்லை. மூன்றாவது. வரவில்லை. நேர் றோட்டில் நாலாவது. அவர் தலையைச் சரித்து வானத்தைப் பார்த்துக்கொண்டு வந்தார். காலை அதே மாதிரி, அதே மாதிரி என்று எனக்குள்ளே சொல்லிக்கொண்டு தூக்கினேன். ஏற்றத்தில் இரண்டு தரம் குறைத்தேன். எப்போதும் கதவைப் பிடிக்கிற அவர் கை மடியில் கிடந்தது. பழகிவிட்டேன். கடைசியில் பழகிவிட்டேன். எனக்குக் கண் மறைத்துக்கொண்டு வந்தது, துடைக்கக் கை எடுக்கவில்லை, எடுத்தால் தவறிவிடும் என்று பயம்.

முற்றத்தில் நிறுத்தியதும் கேட்டேன்.

"இண்டைக்கு நோகேல்லைத்தானே?"

"இல்லை," என்றார். முகம் நல்ல தெளிவாக இருந்தது. "இண்டைக்கு ஒண்டும் தெரியேல்லை."

நான் பெருமையோடு இறங்கி அவர் பக்கக் கதவைத் திறந்தேன். அவருடைய ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. மற்றக் கால் கதவுக்கும் ஆசனத்துக்கும் இடையில் மடங்கி, ஓர் இரும்பு விளிம்பில் அழுந்திக்கொண்டு கிடந்தது. தோல் கிழிந்து கால்விரிப்பில் இரத்தம் ஊறியிருந்தது. சீனன்குடாவிலிருந்து அப்படியே வந்திருக்கிறது. அவர் என்னைப் பார்த்துச் சிரித்தபடி இருந்தார். எதைப் பார்க்கிறேன் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் குனிந்து அந்தக் காலைப் பிடித்தேன். பிடித்ததும் அவருக்குத் தெரியவில்லை.

நோய் நரம்புக்குப் போய்விட்டது, இடுப்புக்குக் கீழே இனி உணர்வு திரும்பாது என்று டாக்குத்தர் சொன்னார். அதோடு நோவும் பெரும்பாலும் விட்டுப்போகும், ஊசிக்கு இவ்வளவு தூரம் அலைய வேண்டியதில்லை என்றார். அதை ஒரு நல்ல செய்தியைப்போலத்தான் சொன்னார், பாவம். வேறு எப்படிச் சொல்வது.

போக இடம் இல்லாமல் போன பிறகும் பின்னேரங்களில் காரில் ஏற்றச் சொல்லிக் கேட்டார். நான் மாட்டேன் என்று சொல்லவில்லை. தாங்கிகளைச் சுற்றி மெதுவாக ஓட்டுவேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு எஞ்சினைக் கேட்டுக்கொண்டு வருவார்.

"வடிவா மாத்துறீர்," என்று ஒருநாள் சொன்னார்.

"என்னெண்டு தெரியும்?"

"சத்தம் வரேல்லையே."

மறுபடி விறாந்தைக்கே போய்விட்டோம் என்று எனக்குத் தோன்றியது. என் கால் பழகியதா இல்லையா என்பதைச் சொல்லக்கூடியதாக உலகத்தில் இருந்தது அந்த ஒரு முதுகுதான். இனி அது சொல்லப்போவதில்லை. அடுத்த தாங்கியின் வளைவு வந்தது. குறைத்து, வளைந்து, மறுபடி மூன்றாவதைப் போட வேண்டிய இடம். கிளச்சை மிதித்தேன், தடியைத் தள்ளினேன், பிறகு காலைச் சட்டென்று முழுவதுமாக எடுத்துவிட்டேன். வேண்டுமென்றுதான். கார் ஒரு துள்ளுத் துள்ளியது. அவர் தலை முன்னே போய்த் திரும்பவும் ஆசனத்தில் விழுந்தது. நான் றோட்டைப் பார்க்காமல் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன், அந்த ராகம் ஒருமுறை வராதா என்று.

அவர் கண்ணைத் திறக்காமல் சிரித்தார்.

"இதுவும் நல்லா விழுந்திது," என்றார்.